சிறப்பாசிரியருக்கு வேண்டிய முதல் தகுதி பொறுமையா?

வாசகர் கருத்து: ஜூலை 2

சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒருவரைப் பற்றி அண்மையில் படித்தேன். மாணவர்களின் பெற்றோர், உடன் பணியாற்றியவர்கள், உறவினர்கள் ஆகிய எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் அவரைப் போன்ற பொறுமைசாலியைக் கண்டதில்லை என்றே கூறியிருந்தார்கள். இந்த வேலைக்கு முதல் தகுதி பொறுமை, அது பிறவியிலேயே அமைய வேண்டும், மற்றவற்றை எவரும் படித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இத்துறையில் இருந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஜூலை 2, இரவு

இத்துறையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கருத்தை நான் ஏற்கவில்லை. எனக்குப் பொறுமை குறைவு. என் வீட்டார் அனைவரும் அறிந்த செய்தி அது. ஆயினும் பணியில் இருந்த காலம் முழுவதும், பாராட்ட வந்தவர்கள் அந்தக் குணத்தையே எனக்குச் சூட்டினார்கள்.

என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில்தான் பொறுமை அதிகமாகத் தேவைப்படுகிறது. அறிவுத்திறன் குறைபாடுள்ள சிறுவன் ஒருவனுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுத்தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுமையை மட்டும் நம்பியவர் நாள்தோறும் அவன் முன் அமர்ந்து, "போடு, பார்த்துப் போடு, உன்னால் முடியும்" என்று இதமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அவன் துளையைத் தேடுவான், தவறவிடுவான், ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பான். மறுநாளும் அதுவே நடக்கும். பயிற்சி பெற்றவர் முதலில் தாமே ஒரு பொத்தானை மிக மெதுவாகப் போட்டுப் பார்த்து, தம் விரல்கள் என்னென்ன செய்கின்றன என்று எழுதுவார். ஒரு கை துணியின் ஓரத்தைப் பிடிக்கிறது; மறுகையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் பொத்தானைப் பக்கவாட்டில் சாய்க்கின்றன; பொத்தானின் விளிம்பு துளைக்குள் நுழைகிறது; துணியைப் பிடித்திருந்த கை அதை விட்டுவிட்டு, மறுபுறம் எட்டிப்பார்க்கும் விளிம்பைப் பற்றுகிறது; பற்றியதை இழுக்கிறது. இதைச் செயல் பகுப்பாய்வு என்போம்.

கற்பிக்கத் தொடங்குவது கடைசிப் படியிலிருந்து. முந்தைய படிகள் அனைத்தையும் ஆசிரியரே செய்து, பொத்தான் பாதி வெளிவந்த நிலையில் நிறுத்தி, இழுப்பதை மட்டும் சிறுவனிடம் விடுவார். அவன் இழுத்ததும் பொத்தான் மாட்டிக்கொள்ளும், வேலை முடிந்துவிடும். அது கைக்குப் பழகியபின் அதற்கு முந்தைய படியையும் அவனிடம் ஒப்படைப்பார். இப்படிப் பின்னோக்கிக் கற்பிப்பதால், முதல் நாளிலிருந்தே வேலை அவன் கையால்தான் முடிகிறது. தோல்வியில் முடிகிற வகுப்பு என்று ஒன்று அவனுக்கு அமைவதில்லை. இதில் யாரும் எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டிய தேவை எங்கே வந்தது?

ஜூலை 3

எத்தனை படிகளாகப் பிரிப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குழந்தை எந்த இடத்தில் நின்றுவிடுகிறதோ அந்த இடத்தை மேலும் பிரிக்க வேண்டும். தானாகவே கடந்துவிடும் இடங்களைப் பிரிப்பது காகிதத்துக்குத்தான் அழகு. பெரிய பொத்தான், தளர்ந்த துளை என்று பொருளையும் எளிதாக்கலாம். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். மேசைமீது விரித்த சட்டையில் கற்றது, உடலில் அணிந்த சட்டைக்குத் தானாக வந்து சேராது. மேசையில் பொத்தான் கண்ணுக்கு நேரே இருக்கிறது. மார்பில் அதை மேலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது, கழுத்துக்கு அருகில் உள்ளதைப் பார்க்கவே முடிவதில்லை. நமக்கு ஒரே வேலையாகத் தெரிவது அவர்களுக்கு மூன்று வேலைகளாக இருக்கக்கூடும். கற்றதைப் புதிய இடத்தில், புதிய பொருளில், புதிய ஆளிடம் செய்துகாட்ட வைப்பதற்கே எங்கள் நேரத்தில் பெரும்பகுதி செலவாகிறது.

ஜூலை 5

பொறுமையைப் புகழ்ந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது, நல்ல எண்ணத்தில்தானே சொல்கிறார்கள் என்று ஒருவர் வருந்தி எழுதியிருக்கிறார். எண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. விளைவைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவதாக, ஒரு தொழிலைக் குணமாக ஆக்கிவிட்டால், அதற்குப் பயிற்சி தேவையில்லை என்றாகிவிடும். அன்பானவர் ஒருவரை வகுப்பில் அமர்த்தினால் போதும் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. அன்பானவர் ஊதியத்தைப் பற்றிப் பேசமாட்டார் என்பது அவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் வசதி. சேவை என்று புகழப்படுகிறவர் ஊதிய உயர்வு கேட்டால் அவரைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது இதைவிடப் பெரியது. ஒருவரைப் பொறுமைசாலி என்று புகழும்போது, அவர் எதைப் பொறுத்துக்கொள்கிறார் என்ற கேள்வி பின்னாலேயே வருகிறது. எதிரில் அமர்ந்திருக்கும் குழந்தையைத்தான். பெற்றோர் முன்னிலையில், சில வேளைகளில் அந்தக் குழந்தையின் முன்னிலையிலேயே, "இவர்களை வைத்துக்கொண்டு எப்படித்தான் சமாளிக்கிறீர்களோ" என்று வியந்தவர்கள் பலர். புகழ் எனக்கு வந்தது. அதற்கான விலையை அந்தக் குழந்தை கொடுத்தது.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பொருத்தமான இலவசப் பொதுக்கல்வியை உறுதிசெய்யும் சட்டத்தை அமெரிக்கா 1975இல் இயற்றியது. ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்து வடிவில் தனிநபர் கல்வித் திட்டம் இருக்க வேண்டும் என்ற விதி அதில்தான் வந்தது. பொதுப்பள்ளிகள் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் கூடிய மாநாடு அறிவித்தது. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, உள்ளடக்கிய கல்வியை உரிமையாகவே வகுத்தது. உரிமை என்று ஆனபிறகு, அது கொடுப்பவரின் நற்குணத்தை நம்பி நிற்கக் கூடாது. கோபக்காரரான மருத்துவரும் எலும்பைச் சரியாகப் பொருத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றுதானே எதிர்பார்க்கிறோம்?

ஜூலை 6

இத்துறையின் தொடக்கக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1800ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரான்சு நாட்டின் அவெரோன் பகுதியில், காட்டில் தனியே வாழ்ந்துவந்த ஒரு சிறுவன் பிடிபட்டான். அவனைப் பாரிசுக்குக் கொண்டுவந்தார்கள். புகழ்பெற்ற மனநல மருத்துவர் பினெல் அவனைப் பார்த்துவிட்டு, பிறவியிலேயே அறிவு குன்றியவன், பயிற்றுவிக்க முடியாதவன் என்று முடிவு கூறினார். காது கேளாதோர் நிறுவனத்தில் பணியாற்றிய இளம் மருத்துவர் இதார் அதை ஏற்காமல், விக்டர் என்று பெயரிடப்பட்ட அந்தச் சிறுவனுக்குச் சுமார் ஐந்து ஆண்டுகள் பாடம் கற்பித்தார். தொடு உணர்வு, சுவை, கேட்டல் என்று புலன்களைத் தனித்தனியே பழக்குவது, பொருளையும் படத்தையும் பொருத்தச் செய்து அதிலிருந்து எழுத்துக்கு அழைத்துச் செல்வது என, இன்றும் எங்கள் வகுப்பறைகளில் உள்ள பல பயிற்சிகளின் வேர் அங்கே இருக்கிறது. அவருடைய வழியை அவர் மாணவர் செகேன் வளர்த்தார்; அவ்விருவரின் எழுத்துகளையும் ஆழ்ந்து படித்த மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் தம் பள்ளியைத் தொடங்கினார். மணல்தாள் எழுத்தை விரலால் தடவிப் பார்க்கும் குழந்தை எங்கேயிருந்தாலும் அது இந்த மரபில் வந்த குழந்தையே.

இதார் பொறுமைசாலியா? இல்லை என்பதற்கு அவரே சான்று விட்டுச்சென்றிருக்கிறார். விக்டர் பாடத்தின்போது ஆவேசம் கொண்டதைப் பொறுக்கமாட்டாமல், உயரத்தைக் கண்டால் அவன் அஞ்சுவான் என்று தெரிந்தே, மாடி ஜன்னலைத் திறந்து அவனைத் தலைகீழாக வெளியே பிடித்ததாகத் தம் முதல் அறிக்கையில் எழுதியிருக்கிறார். இன்று அப்படிச் செய்தால் வேலையோடு போகாது; சிறைக்கே போக வேண்டியிருக்கும். நான் அதை நியாயப்படுத்தவில்லை. கொடுமையான ஒரு கணத்தையும் மறைக்காமல் பதிவு செய்தவர், ஒவ்வொரு பயிற்சியிலும் என்ன நடந்தது, எது பலிக்கவில்லை என்பதையும் அதே நேர்மையோடு எழுதிவைத்தார். இரு நூற்றாண்டுகள் கழித்தும் நமக்குப் பயன்படுவது அந்தப் பதிவு.

ஜூலை 8

"மேடம் கெரானை விட்டுவிட்டீர்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி, நேற்று முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

விக்டரைக் குளிப்பாட்டி, உடுத்தி, உலாவ அழைத்துச் சென்று, தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவர் அந்த அம்மையார்தான். பேச்சு வரவில்லை என்பதால் இதார் பாடத்தை நிறுத்திக்கொண்டார். அம்மையார் நிறுத்தவில்லை. 1828இல் இறக்கும்வரை விக்டர் அவருடைய பராமரிப்பிலேயே இருந்தான். கணவர் அப்போதுதான் இறந்திருந்த துயரத்தில் அவர் அழுதபோது, அந்தக் கணவருக்காக மேசையில் எடுத்துவைத்திருந்த தட்டை விக்டர் தானே அகற்றி வைத்தான் என்பதும் இதாரின் அறிக்கையில் உள்ள செய்தியே. பிறர் துயரை உணர அவனுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

ஆகவே என் வாதத்தை இப்படித் திருத்திக்கொள்கிறேன். வாழ்வதற்குப் பொறுமையுள்ள ஒருவர் உடன் இருக்க வேண்டும். கற்பதற்கு முறை தெரிந்த ஒருவர் வேண்டும். இரண்டும் ஒருவரிடமே அமைந்தால் நல்லது. அமையாவிட்டால், ஆசிரியரின் நாற்காலியில் இரண்டாமவர் அமர வேண்டும் என்பேன். எனினும் கெரான் அம்மையார் ஓர் அறிக்கை எழுதியிருந்தால் இத்துறையின் வரலாறே வேறாக இருந்திருக்குமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

ஜூலை 9

என் கணவர் இதுவரையில் எழுதியதைப் படித்துவிட்டு, எனக்குப் பொறுமை இல்லை என்ற பகுதிக்கு மட்டும் சாட்சி சொல்ல ஆயத்தமாக இருப்பதாகத் தெரிவிக்கச் சொன்னார். தெரிவித்துவிட்டேன்.

ஜூலை 12

காத்திருப்பது பொறுமை இல்லையா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

வகுப்பில் கேள்வி கேட்கும் ஆசிரியர் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு நொடி. அந்த இடைவெளியை மூன்று நொடியாக நீட்டியபோது, மாணவர்களின் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். சாதாரணப் பள்ளிகளில் செய்த ஆய்வு அது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு, கேள்வி புரிந்து, பதில் மனத்தில் உருவாகி, அது கண்ணசைவாகவோ கையசைவாகவோ வெளிவர இன்னும் எவ்வளவோ நேரம் ஆகும். இடையில் நாம் கேள்வியை மறுபடி கேட்டால், பாதி வந்த பதில் கலைந்து, குழந்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இதை அறிந்த ஆசிரியர் உதட்டை மூடிக்கொண்டு மனத்துக்குள் எண்ணுகிறார். என்னைப் போன்ற அவசரக்காரிக்கும் எண்ணத் தெரியும்.

காத்திருப்பதைவிடக் கடினமானது கையை எடுப்பது. கற்பிக்கும்போது நாங்கள் குழந்தையின் கைமேல் கை வைத்துச் செய்விக்கிறோம், பிறகு மணிக்கட்டை மட்டும் தொடுகிறோம், பிறகு முழங்கை, பிறகு தொடாமல் விரலால் சுட்டுகிறோம், பிறகு பார்வை, பிறகு அதுவும் இல்லை. இந்தத் தூண்டுதல்களைப் படிப்படியாகக் குறைக்காவிட்டால் குழந்தை செயலைக் கற்பதில்லை, நம்மைக் கற்றுக்கொள்கிறது. கை கழுவும் ஒவ்வொரு படியிலும் நின்று, என் தலையசைப்புக்காகத் திரும்பிப் பார்க்கும் மாணவி ஒருத்தி இருந்தாள். முந்தைய வகுப்பில் மிக அன்பான ஒருவர் பக்கத்திலேயே நின்று, ஒவ்வோர் அசைவுக்கும் புன்னகையோடு தலையசைத்துப் பழக்கியிருந்தார். நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். முதலில் அவள் உடலையே திருப்பித் தேடினாள். பிறகு, பின்னாலிருந்து தோளை மட்டும் தொட்டு அடுத்த படிக்கு நகர்த்தினேன். அதையும் சிறிது சிறிதாகக் குறைத்தேன். என் முகம் பாடத்திலிருந்து மறைந்ததும் கழுவுதொட்டி அவள் கண்ணில் பட்டது.

உதவும் கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கசப்பான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பேச்சு வராத ஆட்டிசக் குழந்தைகளின் கையையோ மணிக்கட்டையோ உதவியாளர் தாங்கிப் பிடித்து, எழுத்துப்பலகையில் தட்டச்சு செய்ய வைக்கும் முறை ஆஸ்திரேலியாவில் தோன்றி, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. குழந்தைகள் கவிதைகளும் கடிதங்களும் எழுதினார்கள், பெற்றோர் நெகிழ்ந்தார்கள். பிறகு எளிய சோதனை ஒன்று செய்தார்கள். குழந்தைக்கு ஒரு படம், உதவியாளருக்கு வேறொரு படம்; ஒருவர் பார்ப்பதை மற்றவர் அறியார். பலகையில் உருவான சொல் உதவியாளர் பார்த்த படத்தின் பெயராக இருந்தது. பெரும்பாலான உதவியாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தாங்களே எழுதுகிறோம் என்பதை அறியாமலே எழுதினார்கள். இம்முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று 1994இல் அமெரிக்க உளவியல் சங்கம் தீர்மானம் இயற்றியது. அந்த உதவியாளர்களுக்குப் பொறுமையில் குறையே இல்லை. மணிக்கணக்கில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 13

மேலே எழுதியதைப் படித்து, தம் மகன் சுட்டிக்காட்டிப் பேசப் பயன்படுத்தும் தொடர்புப் பலகையையும் சந்தேகிக்க வேண்டுமோ என்று ஒரு தாயார் அஞ்சியிருக்கிறார். அம்மா, அஞ்ச வேண்டாம். உங்கள் மகன் தானே விரலால் சுட்டுகிறான். யாரும் அவன் கையைப் பிடிப்பதில்லை. பேசுவது அவன்தான் என்பதை அதுவே காட்டிவிடுகிறது. 1971இல் கனடாவின் டொராண்டோவில், சார்லஸ் பிளிஸ் உருவாக்கிய குறியீடுகளைப் பேச இயலாத குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தியபோதும், 1985இல் ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்டும் பட அட்டையைக் கொடுத்து வேண்டியதைப் பெறும் முறையை வகுத்தபோதும், அடிப்படை ஒன்றே. தொடங்குவது குழந்தை. பட அட்டை முறையில் முதல் கட்டத்தில் இரண்டு பெரியவர்கள் தேவைப்படுவதற்கும் காரணம் இதுவே: எதிரில் இருப்பவர் அட்டையை வாங்கிக்கொண்டு பொருளைத் தருவார்; பின்னால் இருப்பவர் வாய் திறக்காமல் கையை மட்டும் வழிநடத்தி, விரைவில் அதையும் விட்டுவிடுவார். "என்ன வேண்டும்?" என்று எதிரில் இருப்பவரும் கேட்கக் கூடாது. கேட்டால், கேள்வி வரும்வரை காத்திருக்கத்தான் குழந்தை பழகும்.

ஜூலை 17

பொறுமை தீங்கே செய்யும் என்று நான் சொன்னால் மிகையாகத் தோன்றும். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறுமி ஒருத்தி என் வகுப்புக்கு மாறி வந்தாள். அவளுடைய கோப்பில், தன் தலையின் பக்கவாட்டில் தானே அடித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவள் என்றும், பொறுமையாகக் கையாள வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அப்படியே கையாண்டும் இருந்தார்கள். அடிக்கும்போது கையைப் பிடித்து, தட்டிக்கொடுத்து, பாட்டுப் பாடி அமைதிப்படுத்தினார்கள். எங்கள் தொழிலில் இதற்கென ஒரு பதிவுமுறை உண்டு: நிகழ்வதற்கு முன் என்ன இருந்தது, என்ன நிகழ்ந்தது, பின் என்ன கிடைத்தது என்று மூன்று கட்டங்களில் எழுத வேண்டும். வேலையிலிருந்து தப்பிக்க, கவனம் பெற, பொருள் பெற, உடலுணர்வுக்காக என்று ஒரு நடத்தைக்குப் பல பயன்கள் இருக்கலாம். எது என்று பதிவுதான் சொல்லும். அவளுடைய பதிவில் முதல் கட்டம் எங்கும் ஒத்துவரவில்லை. பாடம் இருந்தாலும் அடித்துக்கொண்டாள், இல்லாவிட்டாலும் அடித்துக்கொண்டாள். சளி பிடித்த நாள்களிலும், படுத்து எழுந்த பின்னும் மட்டும் அது கூடியது. எப்போதும் ஒரே பக்கம்.

காது மருத்துவரிடம் அனுப்பினோம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து, சீழும் பிடித்திருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் கோப்பது மிகப் பரவலானது. செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழல் அவர்களுக்குக் குறுகலாக இருப்பது அதற்கு ஒரு காரணம். சிகிச்சைக்குப் பின் அடித்துக்கொள்வது நின்றது. கேட்கும் திறனும் கூடியதால், சொல்வதைக் கேட்காதவள் என்று கோப்பில் இருந்த மற்றொரு குறிப்பும் பொய்யானது. வலிக்கிறது என்று தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றியிருந்தவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 19

காது கேளாத பிள்ளையைப் பேசவைக்க மலையளவு பொறுமை வேண்டாமா என்று கேட்கிறார் ஒருவர். வேண்டும்; செலவழிக்கவும் செய்தார்கள். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையைவிட வாய்ப்பேச்சே மேலானது என்று தீர்மானித்தது. கூடியவர்களில் மிகப் பெரும்பாலோர் கேட்கும் திறனுள்ளவர்கள். அதன்பின் பல நாடுகளில் சைகை வகுப்பறையிலிருந்து விரட்டப்பட்டது. செவித்திறனற்ற ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். குழந்தைகள் கைகளைக் கட்டிக்கொண்டு உதட்டைப் பார்க்கப் பணிக்கப்பட்டார்கள். ஆசிரியரின் தொண்டையில் கை வைத்து அதிர்வை உணர்ந்து ஓர் ஒலியை உருவாக்க ஒரு குழந்தை மாதக்கணக்கில் பழகும். அதே காலத்தில் சைகையில் பேசும் குழந்தை உலகத்தைப் பற்றி ஆயிரம் செய்திகளை அறிந்திருக்கும். 1960இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து, கை வடிவம், இடம், அசைவு என்ற கூறுகளால் அமைந்த முழுமையான மொழி அது என்று காட்டினார். மிலான் தீர்மானங்களை அதே மாநாட்டு மரபில் வந்தவர்கள் கனடாவின் வான்கூவரில் முறைப்படி நிராகரித்தது 2010இல். இடைப்பட்ட 130 ஆண்டுகளில் ஆசிரியர்கள் காட்டிய பொறுமையை எண்ணிப் பார்க்கிறேன். அதைச் சுமந்த பிள்ளைகளையும் எண்ணிப் பார்க்கிறேன்.

ஜூலை 20

ஒரு வரையறை சேர்க்க வேண்டும். மிலானில் எல்லோரும் ஒருமித்து வாக்களிக்கவில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் எதிர்த்தார்கள். அதுபோல, பேச்சுப் பயிற்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. மிக இளம் வயதிலேயே செவிக்கருவியோ, அறுவை செய்து உட்செவியில் வைக்கும் காக்ளியர் கருவியோ பொருத்தப்பட்ட குழந்தைகளில் பலர் நன்றாகப் பேசுகிறார்கள். பேச்சு வருமா என்று காத்திருக்கும் ஆண்டுகளில் குழந்தையை எந்த மொழியும் இல்லாமல் வைத்திருப்பதுதான் என் மறுப்புக்கு உரியது. மொழி நுழையும் வயது காத்திருக்காது.

ஜூலை 26

ஓய்வு பெற்றபின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டவருக்கு.

என் மாணவர்களும் முதுமை அடைகிறார்கள் என்பதே எனக்குப் புதிய பாடம். நான் படித்த காலத்துப் பயிற்சிப் புத்தகங்களில் குழந்தைகள் மட்டுமே இருந்தார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் அமெரிக்கக் கணக்குப்படி 1983இல் 25 ஆண்டுகள். இன்று 60 ஆண்டுகளை ஒட்டி இருக்கிறது. பிறவி இதயக் குறைபாடுகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கியதும், பெரிய காப்பகங்களில் அடைத்துவைப்பது குறைந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஆயுள் நீண்டதும் வேறொன்று தெரியவந்தது. அவர்களிடம் கூடுதலாக உள்ள 21ஆம் குரோமோசோமில், மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தோடு தொடர்புடைய மரபணு இருப்பதால், அல்சைமர் நோய் அவர்களுக்கு மற்றவர்களைவிட மிக முன்னதாகவே வருகிறது. நடுத்தர வயதை எட்டிய பழைய மாணவர் ஒருவர், நான் பொறுப்பாகக் கற்பித்த படிகளை ஒவ்வொன்றாக மறந்துவருகிறார். கடைசியில் கற்றவை முதலில் போகின்றன என்று அவருடைய தமக்கை சொன்னார். இப்போது நாங்கள் செயல் பகுப்பாய்வுப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, எந்தப் படியில் உதவி மீண்டும் தேவைப்படுகிறது என்று குறிக்கிறோம். அவரால் முடிகிற படியை அவரிடமிருந்து யாரும் அவசரப்பட்டுப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக.

பெற்றோர் என்னிடம் கேட்பது "எங்களுக்குப் பிறகு யார்?" என்பதே. என்னிடம் விடை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை முன்னால் வைத்துப் பார்த்தால் பாடத்திட்டம் தலைகீழாக மாறுகிறது. நிறங்களைப் பெயர் சொல்லுதல், மணிகளைக் கோத்தல், புள்ளிகளை இணைத்தல் போன்றவற்றுக்கு வகுப்பறைகளில் அளவுக்கு மீறிய இடம் கிடைக்கிறது, ஏனென்றால் அவை எளிதில் அளவிடத் தக்கவை, பார்வையாளருக்குக் காட்டவும் ஏற்றவை. முப்பது வயதில் அவருக்குத் தேவைப்படுவது கழிப்பறைக் கதவைத் தாழிடுவதும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும், உடம்பில் எங்கே வலிக்கிறது என்று காட்டுவதும்.

ஜூலை 27

நேற்று விட்டுப்போனது: "வேண்டாம்" என்று மறுப்பது. சொன்னதைச் செய்யும் பிள்ளையே நல்ல மாணவர் என்று எங்கள் பயிற்சியில் பெரும்பகுதி அமைந்திருக்கிறது. யார் சொன்னாலும் செய்யும்படி பழக்கப்பட்ட ஒருவரைத் தவறாகப் பயன்படுத்துவது எளிது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம் என்பது பல நாடுகளில் உறுதிசெய்யப்பட்டது. தலையை ஆட்டியோ, கையால் தள்ளியோ, அட்டையைக் காட்டியோ மறுக்கும் குழந்தையின் மறுப்புக்கு வகுப்பிலேயே மதிப்பு கிடைக்க வேண்டும். ஓவியத்தாள் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 2

தம் மகள் சிறப்புக் கல்வி படிக்க விரும்புவதாகவும், அவளுக்குப் பொறுமை இருக்கிறதா என்று தெரியவில்லை என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். நான் வேறொன்றைச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். ஏதேனும் ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் தள்ளியிருந்து பார்த்து, கண்டதை மட்டும் எழுதட்டும். "அடம்பிடித்தான்", "சோம்பேறித்தனம் காட்டினான்" போன்றவை கண்டவை ஆகா. "பென்சிலை மேசையின் விளிம்புவரை உருட்டி, விழுவதற்கு முன் பிடித்தான்; மறுபடி உருட்டினான்" என்பது கண்டது. சென்னையில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய, குழந்தைக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்று மதிப்பிடும் பட்டியலான மதராஸ் வளர்ச்சித் திட்டமுறை இந்த ஒழுங்கின்மேல் நிற்கிறது. அதில் 18 துறைகள். துறைக்கு 20 கூறுகளாக மொத்தம் 360. ஒவ்வொரு கூறும் குழந்தையால் செய்ய முடிகிற, கண்ணால் காணத்தக்க ஒரு செயல். இல்லாததைச் சொல்லும் வாக்கியத்துக்கு அதில் இடமில்லை. முதன்முதலில் அதை நிரப்பும் பெற்றோர், தம் பிள்ளைக்கு இத்தனை தெரியுமா என்று வியப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 5

மகள் எழுதிய பக்கத்தை அனுப்பியதற்கு நன்றி. நன்றாகப் பார்க்கிறார். இரண்டாவது பத்தியில் "வேண்டுமென்றே தள்ளிவிட்டாள்" என்பதில் முதல் சொல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள். தள்ளுவதற்கு முன் அறைக்குள் யாரேனும் வந்தார்களா, மின்விசிறி ஓடியதா, அந்தப் பொம்மை முதலில் யார் கையில் இருந்தது என்பவற்றையும் சேர்க்கட்டும். அதே குழந்தையை வேறொரு வேளையில் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.